உத்தரவு கேட்டவள்

மங்களம் பொட்டு வைப்பதை நிறுத்தி இந்தக் கார்த்திகை வந்தால் இரண்டு வருஷம். நிறுத்திய அன்று புருஷன் குணசேகரன் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டிக்கர் பொட்டு தீர்ந்திருக்கும் என்று நினைத்து, சாயங்காலம் ஆவடி மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தி ஒரு அட்டை வாங்கி வந்து கண்ணாடிக்குக் கீழே வைத்தான். பிரிக்கப்படாமல் அது அங்கேயே தூசி படிந்து கிடந்தது. ஒரு மாதம் கழித்து அவனே எடுத்துத் தங்கச்சி மகளிடம் கொடுத்துவிட்டான்.

அவர்கள் வீடு வெள்ளானூரில். குணசேகரனின் அப்பா காலம் வரைக்கும் ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். இப்போது அந்தக் கழனி மேல் ஐந்து மாடிக் குடியிருப்பு நின்றது. காலையில் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் அதன் வாசலில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் இவர்கள் இருவரும் டப்பா கட்டிக்கொண்டு வண்டியில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்புவார்கள். எஸ்டேட்டின் பின் தெருவில் ஒரு சின்ன பிரஸ் கம்பெனி. ஆறு பவர் பிரஸ், இருபது பேர். தகட்டை வெட்டி வளைத்து வண்டி சீட்டுக்கு பிராக்கெட் செய்து அனுப்புவார்கள். குணசேகரன் அங்கே பத்தொன்பது வயதில் ஹெல்ப்பராகச் சேர்ந்தவன், நாற்பத்தேழில் சூப்பர்வைசர். மங்களத்துக்கும் ஆறு வருஷமாக அங்கேதான் வேலை. மெஷினிலிருந்து வரும் பிராக்கெட்டின் ஓரத்துப் பிசிறை அரத்தால் ராவிப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒரே மகளைப் போன வருஷம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இருவர்தான்.

இருவர்தான் என்று ஊர் சொல்லும். குணசேகரனுக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றாவதாக ஒருத்தர் இருந்தார்.

வேப்பம்பட்டில் இருந்த அவள் அம்மா திடீரென்று செத்துப்போனபோது மங்களத்துக்குத் தூக்கம் போயிற்று. குணசேகரன் செய்யாதது இல்லை. திருமுல்லைவாயில் கோயிலுக்குக் கூட்டிப்போனான். கயிறு மந்திரித்துக் கட்டினான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தானே உரித்து வாயில் போட்டு, அவள் கண் மூடும்வரை காலை அமுக்கிவிட்டான். நாலு மாதம். ஒன்றும் பலிக்கவில்லை. கம்பெனியில் அவனோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்த பிரஸ் ஆபரேட்டர் எத்திராஜ் நெமிலிச்சேரிக்காரன். எத்திராஜின் மனைவி நாகம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மங்களத்தைக் கையோடு அழைத்துக்கொண்டு போனாள். ரயில் லைனுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட சின்ன சபை. மூன்றாவது ஞாயிறு அங்கிருந்து வந்து படுத்தவள் மறுநாள் ஏழு மணி வரைக்கும் தூங்கினாள்.

குணசேகரன் டீ போட்டு வைத்துவிட்டு அவள் தூங்குகிற முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. தான் நாலு மாதம் அலைந்தும் முடியாததை யாரோ மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டார்.

அதற்கு முன்பு அவள் எதற்கும் இவனைத்தான் கேட்பாள். குழம்புக்குப் புளி போதுமா என்பதற்குக்கூடக் கரண்டியோடு வந்து நிற்பாள். இப்போது பெரிய காரியம் எதுவானாலும், "ஆண்டவர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்பாள். விடியற்காலை கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்து மெல்லப் பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அது இவனுக்குத் தெரிந்த குரல். கல்யாணமான புதிதில் இவனிடம் அப்படித்தான் பேசினாள்.

ஒருநாள் கேட்டே விட்டான். "தெனம் இன்னாமே பேசற அவர்கிட்ட, அவ்ளோ நேரம்?"

"எல்லாந்தான்."

"எல்லாம்னா?"

"உன்னப் பத்தியும்தான்."

அன்று முழுக்க கம்பெனியில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. மழை வருவது போல் இருந்து வராமல், ஷெட்டுக்குள் புழுங்கியது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் எத்திராஜ். அந்த மெஷினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒருசேர அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருப்பதால் விரல் உள்ளே மாட்ட வழியில்லை. ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கியே வைத்துவிட்டால் ஒரு கையால் ஓட்டலாம், மறு கையால் தகட்டைத் தள்ளலாம். வேலை வேகமாக நடக்கும். விரலுக்குக் காவல் இருக்காது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் எத்திராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"மாமே, இது இன்னிக்கு ஆவாது. பாதி பீஸ் கூட முடியல. திங்கக்கெழம ஆறு மணிக்கே வந்து முடிச்சுக் குடுத்துடறேன்."

"திங்கக்கெழம காலைல லாரி வந்து நிக்கும். நாளைக்கு வந்து ஓட்டு."

"நாளைக்கு எப்பிடி வர்றது. சபைல ஞானஸ்நானம் கீதுல்ல. நான்தான் தொட்டிக்கு தண்ணி ரொப்பணும். மங்களத்துக்கும் நாளைக்குத்தான."

"எந்த மங்களம்?" என்றான் குணசேகரன்.

எத்திராஜ் அவன் முகத்தைப் பார்த்தான். "உங்கிட்ட சொல்லலியா? இன்னிக்கு சொல்லலாம்னு இருந்துச்சோ இன்னாவோ."

பதினைந்து அடி தள்ளி, பலகையில் உட்கார்ந்து மங்களம் பிசிறு ராவிக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் இவர்கள் பேச்சு அவளுக்குக் கேட்காது. குணசேகரனுக்குக் காது மடல் சுட்டது. வெள்ளானூரில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம், அவன் பெண்டாட்டி நாளைக்கு வேறொரு பேரைச் சொல்லித் தண்ணீரில் முங்கப் போகிறாள், அது எத்திராஜுக்குத் தெரியும், நாகம்மாவுக்குத் தெரியும், தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறவனுக்கெல்லாம் தெரியும். தாலி கட்டியவனுக்குத் தெரியாது.

பாக்கெட்டிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தான். வலது பட்டனை அமுக்கி மூன்று சுற்றுச் சுற்றினான்.

"ஒரு கைல ஓட்டு. அஞ்சு மணிக்குள்ள முடிச்சுட்டுப் போய் தண்ணி ரொப்பு."

"வோணாம் மாமே. கை பூடும்."

"நான் சொல்றேன். ஓட்டு."

எத்திராஜ் ஓட்டினான். இருபத்தெட்டு வருஷமாக குணசேகரன் சொல்லி அவன் செய்யாதது இல்லை. மங்களம் அரத்தை மடியில் வைத்துக்கொண்டு பட்டனைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாலே கால் மணிக்கு எத்திராஜ் கத்தியது, பிரஸ் இறங்கிய சத்தத்தில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. வலது கையில் இரண்டு விரல். குணசேகரன்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தான், துண்டை இறுக்கிக் கட்டினான், ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் அந்தக் கையைத் தன் நெஞ்சோடு தூக்கிப் பிடித்திருந்தான். எத்திராஜ் "மாமே, மாமே" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு முதலாளி ரவிச்சந்திரன் வந்தார். தாழ்ந்த குரலில் பேசுகிற மனுஷர்.

"பட்டன்ல டேப் எப்பிடி வந்துச்சு குணா?"

"அவனேதான் சார் சுத்திக்கினான். நாளைக்கு சபைக்குப் போவணும்னு அவசரம்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயைத் திறந்ததும் வந்துவிட்டது. அதில் பிற்பாதி உண்மையாக இருந்ததால் முற்பாதியும் உண்மைபோல நின்றது. ரவிச்சந்திரன் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பீரோவிலிருந்து ஒரு வெள்ளைப் புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்த மங்களம் அதை மறுபடி மடித்து உள்ளே வைத்தாள்.

"கட்டிக்கினு போவ வேண்டியதுதான. அதுக்குத்தான வாங்கன," என்றான் குணசேகரன்.

"நேத்து சாங்காலம் உங்கிட்ட சொல்லிட்டு, நீ சரின்னாதான் போலாம்னு இருந்தேன். இப்ப வோணாம்."

"நான்தான் ஒண்ணும் சொல்லலியே."

"நீ சொல்லல. நான் பாத்துட்டுகீறேன். அத்த உள்ள வெச்சிகினு தண்ணில முங்க முடியாது."

சாதாரணப் புடவையிலேயே சபைக்குக் கிளம்பினாள், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னாள். அவள் போய் அரை மணி நேரம் கழித்து இவனும் வண்டியை எடுத்தான். ஏன் போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. சபைக்கு எதிரே டீக்கடையில் நின்றான். கொட்டகைக்குள் பாஸ்டர் மைக்கில் பேசுவது தெருவரைக்கும் கேட்டது. எகிப்து தேசத்து ராஜா ஒருவனைப் பற்றிய கதை. அடிமைகளை விட்டுவிடு என்று ஆண்டவர் சொல்லி அனுப்புகிறார். அவன் மாட்டேன் என்கிறான். தவளை வருகிறது, பேன் வருகிறது, கல்மழை கொட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் அவன் பயந்து, சரி விட்டுவிடுகிறேன் என்கிறான். மழை நின்றதும் மறுபடி மாட்டேன் என்கிறான்.

"அவன் நம்பாம இருந்தான்னு நெனைக்காதீங்க," என்றார் பாஸ்டர். "கண்ணால பாத்தான். பாத்தவன்தான் கல்லானான். ஊருக்கே ராஜா. தனக்கு மேல ஒருத்தர் கீறார்ங்கறத அவனால தாங்க முடியல. அதான் அவனுக்கு வேதன."

ஒரு திருவள்ளூர் ரயில் கடந்து போனது, பேச்சு அதில் அமுங்கிப்போனது. ரயில் போனதும் எட்டிப் பார்த்தான். கதவோரம் கடைசி வரிசையில் மங்களம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, எதிரில் யாரோ நிற்பது போலவும் அவர் சொல்வதற்குக் காத்திருப்பது போலவும் வைத்திருந்தாள். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவள் தன்னை ஒருமுறை அப்படிப் பார்த்தது குணசேகரனுக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்த முகம் அவனுக்குக் கிடைக்கவில்லை. கொடுத்த டீயை அப்படியே கல் மேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

திங்கட்கிழமை ரவிச்சந்திரன் அவனைக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். எத்திராஜ் தானே பட்டனில் டேப் சுற்றிக்கொண்டதை நேரில் பார்த்ததாக டைப் அடித்திருந்தது.

"வியாழக்கெழம தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்க வராங்க. சாட்சி வேணும். பக்கத்துல யார் இருந்தா?"

"என் சம்சாரந்தான் சார்."

"அப்ப என்ன. கையெழுத்து வாங்கிடு."

வீட்டுக்கு வந்து காகிதத்தை நீட்டினான். மங்களம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தாள். அலமாரியில் உப்பு ஜாடிக்குக் கீழே செருகினாள். "கேட்டுட்டு சொல்றேன்," என்றாள்.

செவ்வாய் காலை மழை பிடித்துக்கொண்டது. அடுப்படியில் ஓட்டு இடுக்கிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு அலுமினியச் சட்டி வைத்திருந்தது. மங்களம் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். குணசேகரன் பல் துலக்கிவிட்டு வந்து நிலைப்படியில் நின்றான்.

"இன்னா சொன்னார்?"

"போடக் கூடாதுன்னுட்டார்."

"எப்ப சொன்னார்?"

"இப்பதான். காலைல."

"நான் பக்கத்துல தான படுத்துகினு கீறேன். எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"எனக்குச் சொன்னார்."

"அதான பாத்தேன். என் ஊட்ல, என் பொண்டாட்டிகிட்ட, எனக்கு கேக்காம பேசறார்."

மங்களம் கருவாட்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"தாலி கட்னவன் நான். நான் சொல்றேன், போடுன்னு. அவரு கட்னாரா?"

"கட்டல."

"நீ தூங்காம கெடந்தப்ப கால அமுக்கி வுட்டது யாரு?"

"நீதான்."

"அப்பால இன்னா?"

"நீ கால அமுக்கனதத்தான்யா தெனம் அவர்கிட்ட சொல்லிகினு கீறேன். அவர் ஒண்ணும் மறந்துடல, நானும் மறந்துடல. அதுக்காவ இதுல போட முடியுமா?"

தன்னைப் பற்றி என்ன குறை சொல்லியிருப்பாள் என்று குணசேகரன் மாதக்கணக்கில் கணக்குப் போட்டிருந்தான், இதை நினைத்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் தான் செய்ததைக்கூட அவள் அங்கே கொண்டுபோய்த்தான் வைக்கிறாள் என்று மறு நிமிஷமே தோன்றியது. மனசு பழைய இடத்துக்கே போய்விட்டது.

"மாட்டி வுடப் போறியா இன்னா?"

"நானா போய் சொல்ல மாட்டேன். கேட்டா, இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு முன்ன நீயே சொல்லிடு. நாளன்னிக்கு வரைக்கும் நேரம் கீது."

"சொன்னா வேல பூடும்."

"பூடும்."

"கேஸ் போடுவாங்க."

"போட்டா நான் கூட வரேன்."

"இத்தையும் அவர் சொல்லச் சொன்னாரா?"

"இல்ல. இத்த நான் சொல்றேன்."

குணசேகரன் சாப்பிடாமல் கிளம்பினான்.

புதன்கிழமை, எத்திராஜை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்து மங்களம் டப்பாவில் குழம்பும் சோறும் கட்டிக் கொடுத்தாள். கம்பெனி விட்டு அவன் நெமிலிச்சேரிக்குப் போனான். குழம்பு கொடுப்பது ஒரு சாக்கு. எத்திராஜ் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எத்திராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. நாகம்மா சோற்றைப் பிசைந்து கொடுத்தாள், அவன் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டான்.

"உக்காரு அண்ணாத்தே," என்றாள் நாகம்மா. அவள் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. அதிலேயே, அவளுக்குத் தெரியாது என்று குணசேகரன் புரிந்துகொண்டான். அவள் டீ போட உள்ளே போனதும் எத்திராஜ் ஸ்பூனை வைத்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல மாமே. இவகிட்ட கூட சொல்லல."

"இன்னாத்துக்கு சொல்லல? அவர் சொல்ல வோணாம்னாரா?"

"யாரு?"

"உங்க ஆண்டவர்தான்."

எத்திராஜ் சிரிக்கப் பார்த்தான், கை வலித்தது போல, நிறுத்திக்கொண்டான். "அவர் ஒண்ணும் சொல்லல. இத்தினி வருசம் உங்கூட ஒரே கிளாஸ்ல டீய பாதி பண்ணிக் குடிச்சிகீறேன். நான் போய் உன்னச் சொல்லுவனா. நீயே சொல்லுவ, எனக்குத் தெரியும்."

"நான் சொல்லலன்னா?"

"சொல்லலன்னா நானே சுத்திக்கினதா ஆயிடும். எனக்கு வர வேண்டிய நஷ்ட ஈடும் சந்தேகம்தான்னு யூனியன் ஆளு சொல்லிட்டுப் போனான். நீ அப்பிடி வுட மாட்ட."

நாகம்மா கொண்டுவந்த டீயைக் குடித்தான். நாக்கு சுட்டது. எழுந்து வரும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. பட்டாபிராம் வரைக்கும் அப்படியே இருந்தது. ஆவடி தாண்டும்போது வேறு எண்ணம் வந்துவிட்டது. இவனும் மங்களமும் நாள் குறித்துவைத்துக்கொண்டு தன்னைத் தள்ளுகிறார்கள், தான் விழுந்தால் சபையில் எழுந்து நின்று அவருக்குத்தான் நன்றி சொல்வார்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவன் மனசு மறுபடியும் இறுகிவிட்டிருந்தது. மங்களம் "எப்பிடிகீறான்?" என்றாள். "நல்லாத்தான் கீறான்," என்றான்.

வியாழக்கிழமை காலை சட்டை மாட்டும்போது பட்டன்கள் மாறி மாறிப் போயின. மங்களம் வந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திரும்பப் போட்டுவிட்டாள். உப்பு ஜாடிக்குக் கீழே இருந்த காகிதத்தை எடுத்து டப்பாப் பையில் போட்டுக்கொண்டதை அவன் பார்த்தான். திருப்பிக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தான்.

ஆய்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பட்டனில் ஒட்டியிருந்த டேப்பின் பசையை நகத்தால் சுரண்டினார். பிறகு ஆபீஸ் அறையில் உட்கார்ந்துகொண்டு முதலில் மங்களத்தைக் கூப்பிட்டார். ரவிச்சந்திரன் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குணசேகரன் வெளியே நின்றான். ஆபீஸ் சுவரின் மேல் பாதி கண்ணாடி. உள்ளே பேசுவது கேட்காது, பார்க்க மட்டும் முடியும்.

ஆய்வாளர் ஏதோ கேட்டார். மங்களம் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஆய்வாளர் பேனாவைத் தள்ளினார். மங்களம் அதை எடுக்கவில்லை. தலையைக் குனிந்தாள். அவள் உதடு அசைந்தது.

அந்த உதட்டசைவை குணசேகரன் இரண்டு வருஷமாக விடியற்காலையில் பார்த்திருக்கிறான். இதோ கேட்கிறாள். இதோ அவர் சொல்கிறார். இன்னும் ஒரு நிமிஷத்தில் தலையைத் தூக்கி, இவர்தான் டேப் சுற்றினார் என்று அவர் சொன்னபடி சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருஷம் கூடப் படுத்தவனைக் காட்டிக் கொடுத்துவிட்டு, அவர் பேச்சைக் கேட்டோம் என்ற நிம்மதியோடு வெளியே வருவாள். அந்த நிம்மதியான முகத்தைத் தன்னால் பார்க்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. வேலை போவது, கேஸ், எதுவும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. அவள் வாயால் அவர் பேசுவதற்குள் தான் பேசிவிட வேண்டும். அதுதான் இருந்தது.

கண்ணாடியை விட்டு விலகி, சுவரைச் சுற்றி வந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"மேடம், டேப் சுத்தனது நான். எத்திராஜ் வோணாம்னு சொன்னான். நான்தான் ஓட்டுன்னு சொன்னேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. இவளுக்கும் சம்பந்தம் இல்ல."

ரவிச்சந்திரன் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "இதை முதல்லயே ஏன் சொல்லல?"

"சொல்ல வரல மேடம்."

"இப்ப மட்டும் எப்படி வந்தது?"

ஆய்வாளர் மேஜையிலிருந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டு, வேறு வெள்ளைத் தாள் எடுத்தார். அவன் சொல்லச் சொல்ல எழுதினார். மேல் நடவடிக்கை வரும், கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். ரவிச்சந்திரன் வாசல் வரைக்கும் வந்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அதே தாழ்ந்த குரலில் சொன்னார். மங்களம் தன் அரத்தையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் தூறல். இருவரும் தகரக் கூரைக்குக் கீழே நின்றார்கள். குணசேகரன் சீட்டைத் துடைத்தான், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"ஸ்தோத்திரம்னு சொல்லுவியே, சொல்லு," என்றான். "அவர் நெனச்சது நடந்துபோச்சு."

மங்களத்தின் முகத்தில் அவன் எதிர்பார்த்துப் பயந்த நிம்மதி இல்லை. அடித்துப் போட்டது போல் இருந்தது.

"உள்ள உக்காந்துகினு நான் இன்னா கேட்டேன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"உண்மைய சொல்ல தைரியம் கேட்டிருப்ப."

"பொய் சொல்ல உத்தரவு கேட்டேன்."

குணசேகரன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"காலைல நீ சட்ட மாட்டிக்கினப்ப உன் கையப் பாத்தேன். அதுக்கு மேல என்னால ஆவல. இந்த ஒரு தபா வுட்ருப்பான்னு கேட்டேன். இவுருக்கு யாரும் இல்ல, நான்தான் கீறேன்னு சொன்னேன்."

"குடுத்தாரா?"

"குடுக்கல." மூக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "குடுக்கலன்னு நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் பேனாவ எடுத்துட்டேன். 'ம' போட்டுட்டேன். அடுத்த எழுத்து போடக்குள்ள நீ கதவத் தொறந்துட்ட."

தூறல் வலுத்துக் கூரையில் படபடத்தது. அவனுக்கு இரண்டு வருஷமாக வேண்டியிருந்தது இதுதான். அவரா நானா என்று வந்தால் ஒருமுறையாவது அவள் தன் பக்கம் நிற்க வேண்டும். நின்றிருக்கிறாள். அவர் வேண்டாம் என்று சொல்லியும் நின்றிருக்கிறாள். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் அவன் ஜெயித்திருப்பான்.

ஆனால் நெஞ்சில் ஜெயித்த மாதிரி எதுவும் இல்லை. மீதி எழுத்தையும் போட்டிருந்தால், மறுநாள் விடியற்காலை இவள் யாரிடம் போய் உட்கார்ந்திருப்பாள்? வாய் திறந்திருக்குமா? மறுபடி தூக்கம் வந்திருக்குமா? வந்திருக்காது. கால் அமுக்குவதால் சரியாகிற காரியமில்லை என்று நாலு மாதம் அமுக்கிப் பார்த்தவனுக்குத் தெரியும். கதவைத் தள்ளும்போது தன் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளினார்களா என்று யோசித்துப் பார்த்தான். இல்லை. பொறாமைதான் தள்ளியது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பொறாமையை யார் அவ்வளவு சரியான நேரத்துக்கு எழுப்பிவிட்டார்கள் என்பதுதான் தெரியவில்லை.

"இனிமே எனக்காவ அவர்கிட்ட அப்பிடிப் போய் நிக்காத," என்றான். "எனக்கு அவரத் தெரியாது. ஆனா நீ அப்பிடி நிக்காத."

மங்களம் அவனைப் பார்த்தாள். மகள் பிறந்த அன்று போல முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவனால்தான் தாங்க முடியாமல் குனிந்து வண்டியை உதைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது உதையில் கிளம்பியது.

"ஊட்டுக்கா?" என்றாள்.

"நெமிலிச்சேரிக்கு. எத்திராஜ்கிட்ட சொல்லணும். நாகம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அதுகிட்டயும் சொல்லணும்." ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே சொன்னான். "அங்க நான் பேசறேன். நீ குறுக்க பேசாத. அவரையும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லு."

மங்களம் சரி என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.